சேர்த்து எழுதிய பெயர்

ஜனவரி 6, திங்கள்

தினமும் ஒரு பக்கமாவது எழுதுங்கள், தமிழ் கைக்கு வரும் என்று பயிற்சி மையத்து ஐயா சொன்னார். எழுத்துத் தேர்வு முடிந்தது, ஓட்டம் முடிந்தது, நீளம் தாண்டுதல் முடிந்தது. எழுதுகிற பழக்கம் மட்டும் விடவில்லை. இன்று எழுத ஒரு வரிதான் இருக்கிறது. காவலர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுக்கவில்லையாம்.

தபால்காரர் வந்தபோது நான் குழாயடியில் இருந்தேன். அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இடுப்புக் குடத்தை இறக்காமலேயே படித்தேன். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்பது விசாரணையில் தெரியவந்ததால் என்று இருந்தது. தெரியவந்ததாம்! விண்ணப்பத்தில் நானே எழுதிக் கொடுத்த விஷயம் அது. வழக்கு எண், விடுதலையான தேதி, தீர்ப்பு நகல் எல்லாம் வைத்துத்தான் கொடுத்தேன். மறைத்தால்தான் தப்பு, சொன்னால் தப்பில்லை என்றார்கள். வீட்டுக்கு விசாரிக்க வந்த ஏட்டுகூட அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "நல்ல பிள்ள, கெடைச்சிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"விடுதலைன்னுதானடி ஜட்ஜு சொன்னாரு. நம்ம ரெண்டு காதாலயும் கேட்டோமே" என்றாள் அம்மா.

அப்பா ஆட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். ஆடு கட்டித்தான் கிடந்தது.

ஜனவரி 8, புதன்

சாத்தூரில் எஸ்தர் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். கூட்டம் இல்லை. என்ன வழக்கு என்று கேட்டார். சொல்லவே கூச்சமாக இருந்தது. கொலையா, கொள்ளையா? சாக்கடை.

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா குருவையா வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் கழிவுநீர் அவர்கள் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒருநாள், அவர்கள் மண்ணைப் போட்டு அடைக்க, எங்கள் வீட்டார் வெட்டிவிட, மண்வெட்டி சித்தப்பா நெற்றியில் பட்டுவிட்டது. அப்பாவுக்குக் கையில் முறிவு. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கேஸ் நிற்கும் என்று யாரோ சொல்ல, அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் புகார் கொடுத்தார்கள். சித்தப்பா கொடுத்த புகாரில் அப்பா, அம்மா, மாமா, அத்தை, கடைசியாக ஐந்தாம் எதிரி நான். கம்பை எடுத்து அடித்தேன் என்று போட்டிருந்தது. அன்றைக்கு நான் கல்லூரி விளையாட்டு விழாவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

வக்கீல் ஆச்சரியப்படவே இல்லை. "படிக்கிற பிள்ள பேரைச் சேர்த்து எழுதுறது இந்தப் பக்கத்து வழக்கம்தானம்மா. பிள்ளைக்கு வேலை கிடைக்காமப் போயிருமேன்னு பயந்து எதிர்ப் பக்கம் சீக்கிரம் இறங்கி வரும்ல? விடுதலை எப்படி ஆச்சு?"

"ராசியாப் போயிட்டோம் மேடம். சித்தப்பா மக கல்யாணம் வந்துச்சு. பெரியப்பா வந்து நிக்காம எப்படின்னு ஊர்ல பேசிவிட்டாங்க. சித்தப்பா கோர்ட்ல ஏறி, இருட்டுல யாரு அடிச்சான்னு தெரியலன்னு சொல்லிட்டாரு. எங்க அப்பா குடுத்த கேஸ்லயும் அப்படியே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அங்கதான் போச்சு."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். வழக்கை நடத்தி, நான் அங்கே இல்லவே இல்லை என்று நிரூபித்து ஜெயித்திருந்தால் அது மரியாதையான விடுதலை. நாங்கள் ராசியானோம். சாட்சிகள் பிறழ்ந்தார்கள். அதனால் நீதிபதி சந்தேகத்தின் பலனை எங்களுக்குக் கொடுத்து விடுவித்தார். கோர்ட்டைப் பொறுத்தவரை நான் குற்றவாளி இல்லை. போலீஸ் வேலைக்கான விதியில் நான் இன்னும் சம்பந்தப்பட்டவள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சித்தப்பா அன்றைக்குக் கூண்டில் ஏறிப் பொய் சொன்னார். கோர்ட்டுக்கு எதிரே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். அவர் தன் இலையிலிருந்து எனக்கு ஒரு முட்டையை எடுத்து வைத்தார். அதைவிட நல்ல நாள் எங்கள் குடும்பத்தில் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்காக மேல்முறையீட்டு மனு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னொன்றும் சொன்னார். விடுதலையானவர்களின் வழக்குப் பதிவுகளை மூடி முத்திரை வைப்பதற்குச் சட்டம் கொண்டுவர அரசாங்கம் ஒரு குழு போட்டிருக்கிறதாம். அழிப்பது இல்லை. மூடி வைப்பது. கோர்ட்டு கேட்டால் மட்டும் திறக்கலாம், வேலைக்கு விசாரிக்க வருகிறவர்களுக்குத் திறக்கக் கூடாது. ஆனால் இப்போதைய வரைவில் மரியாதையான விடுதலைக்கு மட்டும்தான் அது உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்தவரே வந்து, இந்தப் பெயரை நான் பொய்யாகச் சேர்த்தேன் என்று சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் அவர்மேல் பொய்ப்புகார் வழக்கு வரலாம். அடுத்த மாதம் குழு விருதுநகருக்கு வந்து மக்கள் கருத்தைக் கேட்கப்போகிறது.

"எல்லா விடுதலைக்கும் மூடணும்னுதான் நான் பேசப்போறேன். நீயும் வந்து பேசு" என்றார். "உங்க சித்தப்பா வருவாரா?"

"அவரு செத்து ரெண்டு வருசம் ஆச்சு மேடம்."

"வீட்ல வேற யாருக்குத் தெரியும்?"

சித்திக்குத் தெரியும்.

ஜனவரி 9, வியாழன்

சித்தியிடம் போய்க் கேட்கப்போகிறேன் என்றேன். "அங்க போகாத தாயி" என்றார் அப்பா. ஏன் என்றதற்கு, "போகாதன்னா போகாத." இவ்வளவு வருடம் கழித்தும் அப்பாவுக்குத் தம்பி வீட்டின்மேல் கோபம் ஆறவில்லை.

கோபம் என்றும் சொல்ல முடியவில்லை. காலையில் சாக்கடையைத் தள்ளிவிடும்போது நம் வாசலோடு நிறுத்த மாட்டார், சித்தி வாசலையும் தாண்டித் தள்ளிவிட்டுத்தான் வருவார். சித்தப்பா செத்ததிலிருந்து இப்படித்தான். துக்கத்தை எப்படிக் காட்டுவது என்று ஆம்பளைகளுக்குத் தெரியாது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். சண்முகக்கனி அக்கா கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிறாள். சித்தப்பா மகள். நர்ஸுக்குப் படித்தவள். அரசாங்க ஆஸ்பத்திரி வேலை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், கல்யாணம் வந்ததும் அவளே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இப்போது அங்கே ஒரு சின்னக் கிளினிக்கில் ஊசி போடுகிறாள்.

எங்கள் வீட்டுக்குக் கரும்பு கொண்டுவந்தாள். அவள் குரல் வாசலில் கேட்டதும் அப்பா கொல்லைப் பக்கமாகக் காட்டுக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. பொங்கலும் அதுவுமாக அம்மாவுக்கு ஒரே எரிச்சல்.

ஜனவரி 16, வியாழன்

சித்தியிடம் போனேன். உட்கார் என்றாள், பொங்கச் சோறு கொடுத்தாள், நான் வாயைத் திறக்கிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"செத்த மனுசனப் பொய்க்காரன்னு சபையில ஏறிச் சொல்லச் சொல்லுதியா?" என்றாள். "உனக்கு வேலை வேணும்னா எம் புருசன் மானத்தத்தான் விக்கணுமா? அவரு கோர்ட்ல ஏறி உன்னக் காப்பாத்துனாரே, அது பத்தாதா?"

அந்தக் காப்பாற்றல்தான் என்னைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததற்காக என்மேல் எனக்கே கோபம்.

கொல்லையில் கனியக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கழுவிக் கொடுத்தேன். பிறகு அவள், "எனக்கும் இதே மாதிரி கடுதாசிதான் வந்துச்சு" என்றாள்.

"உனக்கு எதுக்கு?"

"ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு. வெரிஃபிகேஷன்ல நின்னு போச்சு. அப்புறம் குவைத்துக்குப் போகலாம்னு பாஸ்போர்ட் போட்டேன், அதுவும் நின்னு போச்சு. அதுக்கப்புறந்தான் கல்யாணம்."

எனக்குத் தெரியாது என்றேன். அப்பா கொடுத்த புகாரில் சித்தப்பாவும் சித்தியும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த வழக்கு வேறு தேதிகளில் நடக்கும், நான் போனதில்லை. கேட்டதும் இல்லை.

"நான் அன்னிக்கு மதுரையில ஹாஸ்டல்ல இருந்தேன்டி. மூணாவது எதிரி, சண்முகக்கனி. கல்ல எடுத்து எறிஞ்சேனாம்." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "உம் பேர எழுதுனவரு போய்ச் சேந்துட்டாரு காளி. எம் பேர எழுதுனவரு இருக்காரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் ஊசி போடுகிற ஆள் சொல்வது மாதிரி, வலிக்கும் என்று தெரிந்தே மெதுவாகச் சொன்னாள்.

ஜனவரி 17, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. ரேஷனில் பாமாயில் இல்லை.

ஜனவரி 18, சனி

எஸ்தர் மேடத்துக்குப் போன் செய்து ஒரு தோழிக்காகச் சந்தேகம் கேட்டேன். வீட்டில் ஒருவர் தானே போய்ப் பொய்ப்புகார் கொடுத்ததாக ஒப்புக்கொண்டால், அதே வீட்டில் வேலைக்கு மேல்முறையீடு செய்திருக்கிற பெண்ணுக்குப் பாதிப்பு வருமா? சட்டப்படி வரக் கூடாது என்றார். "ஆனா ஃபைலைப் பார்க்கிறவங்க, இந்தக் குடும்பத்துக்கு இதுதான் வேலையான்னு நினைப்பாங்க. உன் தோழிக்கு நல்லதில்ல." எந்தத் தோழி என்று அவர் கேட்கவில்லை.

காலையில் ஓடவில்லை. கால் வலி.

ஜனவரி 21, செவ்வாய்

இன்றும் கால் வலி. அம்மா, "காலுதானா?" என்றாள்.

ஜனவரி 22, புதன்

கேட்டுவிட்டேன்.

அப்பா சித்தி வாசலில் குனிந்து சாக்கடையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

"அப்பா, கனியக்கா பேரை யாரு சொன்னா?"

அவர் நிமிரவில்லை. கொஞ்ச தூரம் தள்ளினார். பிறகு மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"மனு எழுதுறவரு ஆஸ்பத்திரிக்கே வந்தாரு. வீட்ல படிக்கிற பிள்ள இருக்கா, அது பேரையும் சேத்துக்கிருவோம், அப்பத்தான் எறங்கி வருவாங்கன்னாரு. இருக்குன்னு சொன்னேன்."

"சித்தப்பா எம் பேர எழுதுனதுக்குப் பதிலுக்கா?"

அதற்கு ஆமாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதைவிட, சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"என் கட்டிலுதான் வாசப் பக்கம்" என்றார். "மொதல்ல எங்கிட்டத்தான் வந்து எழுதுனாரு. எழுதிட்டு அந்தக் கட்டிலுக்குப் போனாரு. ஒரே ஆளுதான ரெண்டு பேருக்கும். குருவையா கண்ண மூடிப் படுத்திருந்தான். நான் சண்முகக்கனின்னு சொல்லும்போது முழிச்சுப் பாத்தான். அப்புறம் அவன் உம் பேரச் சொல்லும்போது நான் பாத்தேன்."

நான் வீட்டுக்குள் போய் வெறுங்குடத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். பிளாஸ்டிக் குடம், உடையவும் இல்லை. எனக்கு அப்பாமேல் அவ்வளவு கோபம். சித்தப்பாமேல் இரண்டு வாரமாக வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அம்மா ஓடி வந்து என்ன என்றுகூடக் கேட்கவில்லை. குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அம்மாவுக்கும் தெரியும்.

ஜனவரி 26, ஞாயிறு

நாலு நாளாக அப்பாவுடன் பேச்சு இல்லை. இன்று சோறு போடும்போது நானேதான் ஆரம்பித்தேன். அடுத்த புதன் விட்டு அடுத்த புதன் விருதுநகரில் கூட்டம், நீங்கள் வர வேண்டும் என்றேன்.

"உனக்குச் சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு? உம் பேர நான் எழுதலயே."

"எனக்கு இல்லப்பா."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்தப் பிள்ளைக்கு வயசு தாண்டிப்போச்சே. இனி மூடி வச்சு என்ன ஆகப்போவுது?"

"தாண்டுனா தாண்டட்டும்."

"எம்மேல கேஸ் வந்தா உன் வேலைக்கும் எடைஞ்சலு."

அதை நான் யோசிக்காமல் இல்லை. ஒரு வாரமாகக் கால் வலி என்று எழுதியதெல்லாம் அதுதான். சாம்பாரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

காவலர் பயிற்சி இன்று ஆரம்பம். என்னோடு தேறிய பிள்ளைகள் காக்கி அரைக்கால் சட்டையில் நின்று படம் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பினேன். மனசார அனுப்பினேன் என்று எழுதினால் அது பொய்.

பிப்ரவரி 5, புதன்

விருதுநகர். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கூடம், மேடையில் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி. அப்பா என்னோடு பஸ்ஸில் வந்தார், ஆனால் பேசுவேன் என்று சொல்லவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். கனியக்காவை நான் கூப்பிட்டிருந்தேன். அவள் கோவில்பட்டியிலிருந்து நேராக வந்து, அவரிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

என் முறை வந்ததும், பெயர் வெளியே வர வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றாள் எழுதிக்கொள்கிற பெண். காளீஸ்வரி என்றே போடுங்கள் என்றேன். கேஸ் கட்டில் எல்லாம் பெயர் இருக்கிறது, இங்கே மட்டும் எதற்கு ஒளிய வேண்டும்? நடந்ததைச் சொன்னேன்.

நீதிபதி பொறுமையாகக் கேட்டார். "அம்மா, நீங்க சொல்றது நியாயம். ஆனா நெஜமாவே அடிச்சவங்களும் இப்படித்தான் ராசியாகி வெளிய வர்றாங்க. எல்லாத்தையும் மூடிட்டா அவங்களும்தானே போலீஸ் வேலைக்கு வருவாங்க?"

"வருவாங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? "ஆனா அடிச்சத நிரூபிக்கிறது உங்க வேலை சார். அடிக்கலன்னு நிரூபிக்கச் சொல்லி எங்கிட்ட குடுத்திருக்கீங்க. சொல்ல வேண்டியவரு செத்துட்டாரு. நான் யாருகிட்டப் போயிக் கேக்க?"

கூடத்தில் யாரோ கைதட்டினார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி நடக்கும்போது அப்பா எழுந்து நின்றிருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றியிருந்தார்.

"ஐயா, எம் பேரு தவசிலிங்கம். இவ அப்பன். இவளப் பத்திச் சொல்ல வரல. அந்தா இருக்கு, சண்முகக்கனி, எந் தம்பி மக. அந்தப் பிள்ள அன்னிக்கு ஊர்லயே இல்ல. கல்ல எறிஞ்சுச்சுன்னு பேரச் சேத்துச் சொன்னது நானு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

முன் வரிசையிலிருந்து எஸ்தர் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி முன்னால் சாய்ந்து, "பெரியவரே, இது பதிவாகும். உங்க மேல நடவடிக்கை வரலாம். புரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார்.

"புரிஞ்சுதான் சொல்றேன். எழுதிக்கோங்க."

கனியக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து ஒலிபெருக்கிக்கு நடந்தாள். "எங்க அப்பா இல்ல. அவருக்குப் பதிலா நான் சொல்றேன். காளீஸ்வரி பேரை அவரும் பொய்யாத்தான் சேத்தாரு. சாகுற வரைக்கும் எங்கிட்டச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாரு."

"நீங்க சொல்றது செல்லாதும்மா. புகார் கொடுத்தவர்தான் சொல்லணும்."

"செல்லாட்டியும் எழுதுங்க சார்" என்றாள்.

எழுதிக்கொள்கிறவள் நீதிபதியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். எழுதினாள்.

வெளியே மூன்று பேரும் ஒரே பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தபோது அக்கா, "பெரியப்பா, படி ஒசரம், பாத்து ஏறுங்க" என்றாள். அப்பா ஏறி உட்கார்ந்து, சாத்தூர் வரைக்கும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 12, புதன்

சட்டம் எப்போது வரும், எல்லா விடுதலைக்கும் வருமா, தெரியாது என்றார் மேடம். என் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. அக்கா செய்தது சித்திக்குத் தெரிந்து, மகளோடு பேசவில்லையாம். காலையில் ஓடினேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஏட்டு வந்தார். என்னை விசாரிக்க வந்த அதே ஏட்டு. குழுவிலிருந்து ஸ்டேஷனுக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். அம்மா மோர் கொண்டுவந்தாள், வேண்டாம் என்றார். அப்பா நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"ஆஸ்பத்திரில பேர் சொன்னப்ப கூட யாரு இருந்தா? வீட்டம்மா இருந்தாங்களா?"

"நான் மட்டுந்தான்."

அம்மா அன்றைக்குத் தூக்குவாளியில் கஞ்சியோடு கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். இதை அவளே போன வாரம் என்னிடம் சொன்னாள். இப்போது வாயைத் திறக்கப் போனாள், அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"மனு எழுதுனவருதான தூண்டிவிட்டது? அவர் பேரச் சொல்லுங்க. பழி பாதி எறங்கும், உங்களுக்குத்தான் நல்லது. உங்க மச்சான் இருந்தாரா? ஒத்தப் பேர வச்சு நான் என்னத்த எழுதி அனுப்ப?"

ஏட்டு கதவுப் பக்கம் எங்களை எட்டிப் பார்த்தார். அப்பா கொஞ்சம் நகர்ந்து, எங்கள் இரண்டு பேரையும் மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

"தவசிலிங்கம்னு மட்டும் எழுதுங்க சார். வேற பேரு எதையும் சேக்க வேண்டாம்."